தரையோர ஓட்டை

வெள்ளிக்கிழமை காலை 6.05. அடி அண்ணாமலையில் ஓவியாவின் கொட்டகை வெடித்தது. கண்ணாடி மணி உருக்க கேஸ் டார்ச்சைப் பற்றவைக்கப் போனவளின் உயிர் அங்கேயே போய்விட்டது.

சனிக்கிழமை காலை 10.20. அவளுடைய அக்கா சரோஜா இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வேங்கிக்காலில் ஒரு கேஸ் ஏஜென்சியில் பத்து வருஷமாகக் கசிவு பார்க்கிறவள். அழுவதற்கு அப்புறம் நேரம் இருக்கிறது, முதலில் செய்தவன் சிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"கவனக்குறைவும்மா. ராத்திரி சிலிண்டர மூட மறந்திருக்காங்க," என்றார் எஸ்.ஐ. செழியன்.

"என் தங்கச்சி பேர்ல அந்த வார்த்தைய எழுதாதீங்க சார். ஒரு மணி நேரம் குடுங்க."

வீட்டுக்குள் பால், குழம்புக் கிண்ணம் எல்லாவற்றிலும் தேதி எழுதி ஒட்டியிருந்தது. "ரொம்ப ஒழுங்கு போல," என்றார் செழியன். சரோஜா கொட்டகைப் பக்கம் நடந்தாள்.

சிலிண்டர் கொட்டகைக்கு வெளியே, கம்பிக் கூண்டில், சங்கிலி போட்டு நிமிர்ந்து நின்றது. அதிலிருந்து ரப்பர் குழாய் சுவர் வழியே உள்ளே போனது. கூரை பறந்துபோயிருந்தது, சுவர்கள் நின்றன. தலைக்கு மேலே ஜன்னல் திறந்திருந்தது. எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள், சரோஜா குந்தி உட்கார்ந்து தரையைப் பார்த்தாள். கேஸ் கசிந்தால் வெளியேறட்டும் என்று ஓவியா சுவரடியில் செங்கல் அளவுக்கு ஓட்டை விட்டிருந்தாள். அதில் உள்பக்கமிருந்து, ஓரம் கருகிய ஈரச்சாக்கு இறுக்கமாக அடைத்திருந்தது.

11.00. பக்கத்து வீட்டு வேடியப்பன். சிலிண்டர் வேண்டாமென்று ஓவியாவோடு மல்லுக்கு நின்றவர்.

"சண்ட போட்டேன், இல்லன்னு சொல்லல. ஆனா கதவத் தொறந்ததுமே நாத்தம் கொடலப் புடுங்கியிருக்குமே? எப்படிம்மா உள்ள போனா?"

11.30. கணவன் ஆதவன். அவன் அடித்ததற்காக மூன்று மாதம் முன்பு ஓவியா மகளிர் ஸ்டேஷனில் புகார் கொடுத்தாள். நாள் முழுக்க அவனை அங்கே உட்கார வைத்தார்கள். பிறகு சமாதானமாகித்தான் சேர்ந்து இருந்தார்கள்.

"எப்ப கெளம்பின?"

"வியாழக்கெழம சாயங்காலம் ஏழு மணிக்கு, கீழ்பென்னாத்தூருக்கு. அவ வேலைய முடிச்சதப் பாத்துட்டுத்தான் போனேன்க்கா. டார்ச் குமிழத் திருகித் தீய அணைச்சா. சிலிண்டர மறந்துட்டா போல."

"காலைல அவளுக்கு நாத்தம் தெரியலையா?"

"ஜலதோஷம் புடிச்சிருந்துச்சு."

சரோஜா செழியன் பக்கம் திரும்பினாள்.

"இவன்தான் சார். இவன் சொன்னது சமையல் அடுப்ப அணைக்கற மொற. ஓவியா மொதல்ல வெளிய போயி சிலிண்டர மூடுவா. கொழாயில மிச்சமிருக்கற கேஸ் எரிஞ்சு தீ தானா அணையும். அப்புறந்தான் டார்ச் குமிழு. சிலிண்டர மறந்தா தீ அணையாது, எரியறது கண்ணுக்குத் தெரியும். ஏன் அப்படிப் பழகினா? கொரோனா வந்ததுலேருந்து அவளுக்கு வாசனையே தெரியாது. சாப்பாடு கெட்டதுகூடத் தேதியப் பாத்துத்தான் தெரியும். இது தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. எனக்கும் இவனுக்கும்."

சரோஜா ஆதவன் பக்கம் திரும்பினாள்.

"அவ மூடினதுக்கப்புறம் சிலிண்டரையும் டார்ச் குமிழையும் நீ தொறந்துவிட்டிருக்க. புரொப்பேன் கேஸ் காத்தவிட கனம், தரையோட தங்கும். ஓட்டைய அடைச்சுட்டா மேல ஜன்னல் தொறந்திருந்தும் பிரயோஜனமில்ல. வேற யாரு செஞ்சிருந்தாலும், கதவத் தொறந்ததும் அவ ஓடிடுவான்னு நெனைச்சிருப்பாங்க. ஓடமாட்டான்னு தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். இல்லன்னா ஜலதோஷம்னு எதுக்குடா பொய் சொன்ன?"

ஆதவன் தலை நிமிராமலே சொன்னான்: "ஊரே பாக்க என்ன ஸ்டேஷன்ல உக்கார வச்சா இல்ல."

12.15. ஜீப்பில் ஏற்றும்போது, "அக்கா, மன்னிச்சுடு," என்றான்.

"எனக்கு மன்னிக்க வராது. மாசாமாசம் மனு போட்டு ஜெயிலுக்கு வருவேன். உன்கூட ஒரு வார்த்த பேசமாட்டேன். நீ இன்னும் உள்ளதான் இருக்கியான்னு பாத்துட்டுப் போவேன்."

ஜீப் கிளம்பியது. அது தெருமுனை திரும்பியதும் சரோஜா அப்படியே தெருவில் உட்கார்ந்து, வாய்விட்டு அழத் தொடங்கினாள்.