பதினோராம் பொருத்தம்

ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் அமைந்துவிட்டன. பதினோராவதில்தான் இடித்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்க," என்றார் மாப்பிள்ளையின் அம்மா தெய்வாத்தாள். "புள்ளைக்கு ஏழு. அதக்கூடப் பொறுத்துக்கலாமுங்க. உங்களுக்கு அறுபத்து மூணு இருக்குதே. எங்கூட்ல அத்தன பேருக்கும் பூஜ்யமுங்க."

பெண்ணின் அம்மா கோகிலவாணிக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவள் இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் சண்டைக்குப் போயிருக்கலாம். அந்த எண்ணைக் காட்டும் வினவுமானியை உருவாக்கியதே அவள்தான்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அரசாங்கம் சமூக வலைத்தள நிறுவனங்களிடம் யாருடைய தகவலையும் கமுக்கமாகக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது. உரியவருக்கே தெரியாது. கோகிலவாணியின் சங்கம் வழக்காடி ஒரு சட்டம் வாங்கியது. இனி அரசாங்கம் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அந்த ஆளின் பெயருக்கு நேரே மானியில் ஓர் எண் கூடும். யாரும் திருத்திவிடக் கூடாதே என்று அதைப் பொதுவில் வைக்கச் சொன்னதும் அவள்தான். அரசாங்கத்துக்குக் கூச்சம் வரட்டும் என்று நினைத்தாள்.

அரசாங்கம் கூசவில்லை. வாடகைக்கு வீடு கொடுப்பவர்கள்தான் முதலில் எண்ணைக் கேட்டார்கள். அப்புறம் வங்கிகள். இப்போது சம்பந்திகள். ஏன் கேட்டார்கள் என்பதை மானி சொல்லாது. குடியிருப்புக் குழுவில் தண்ணீர் லாரி வரவில்லை என்று திட்டியவர்களின் விவரத்தைக் காவல்துறை ஏழு தடவை வாங்கியது, அந்தக் குழுவில் இருந்த மகள் நறுமுகைக்கும் ஏழு விழுந்தது.

"நீங்க ஒண்ணுமே எழுதறதில்லீங்களா?" என்று கேட்டாள் கோகிலவாணி.

"எழுதாம என்னங்க, நாள் முழுக்க அதுலதான். நாங்க திறந்தகத்துல சேந்துட்டோம். கணக்கோட சாவிய அரசாங்கத்துக்கு நாமளே குடுத்துட்டா அவங்க எதுக்குக் கேக்கப் போறாங்க? பழைய எண்ணுங்கூட அழிஞ்சிருமுங்க."

உண்மைதான். 'உரியவர் சம்மதித்துத் தந்த தகவல் கோரிக்கையாகாது' என்ற விதியையும் கோகிலவாணிதான் எழுதினாள். கணக்கு திருடுபோனவர்கள் புகார் கொடுக்கப்போய் எண் கூடிவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம். அந்தச் சின்னச் சந்தில் அரசாங்கம் திறந்தகம் என்று ஒரு திட்டத்தையே கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள். நறுமுகை அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளை மூன்று வருடமாக அவள் விரும்பும் பையன்.

"நான் இப்பத்தான் என் சாவியக் குடுத்தேம்மா. உன்னைக் குடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனா குடுக்காட்டி அவங்க ஒத்துக்க மாட்டாங்க."

"என்னுது மட்டும் போகாது கண்ணு. எனக்கு எழுதுனவங்களுதும் சேந்து போயிரும்."

"தெரியும்மா."

எழுதியவர்கள் நாலாயிரம் பேருக்கு மேல். சாயக்கழிவைப் படமெடுத்து அனுப்பியவர்கள், லஞ்சம் கேட்ட அதிகாரியின் பெயரைச் சொன்னவர்கள். அவர்களைத் தேடித்தான் அரசாங்கம் அறுபத்து மூன்று தடவை கேட்டது. ஒவ்வொரு தடவையும் கோகிலவாணி நீதிமன்றம் போய் மறித்திருக்கிறாள்.

மகள் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. அதைத்தான் கோகிலவாணியால் தாங்க முடியவில்லை. திறந்தகத்தில் சம்மதம் என்ற பொத்தானை அழுத்தினாள். வெட்கமாக இருந்தது. மகள் கட்டிக்கொண்டபோது சந்தோஷமாகவும் இருந்தது, அதற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை சங்கத்துச் செயலாளர் சென்னியப்பன் கூப்பிட்டான்.

"அக்கா, மானியப் பாத்தேன். அறுபத்து மூணும் போய் பூஜ்யம் நிக்குது. அத்தனையும் வாபஸ் வாங்கிட்டாங்களா? நீங்க செயிச்சுட்டீங்கக்கா. இங்க எல்லாத்துக்கும் லட்டு வாங்கிக் குடுத்துட்டேன்."

"சென்னியப்பா, நான் சொல்றதக் கேளு..."

"இருங்கக்கா. அந்தச் சாயப்பட்டறை விசயம், உள்ள இருந்து சொன்ன ஆளோட பேரு, ஊரு எல்லாம் இத்தன நாளாப் பயந்துட்டு அனுப்பாம வெச்சிருந்தேன். இனி பயமில்லீன்னு இப்பத்தான் உங்களுக்குப் போட்டுவிட்டேன். நீங்களும் உடனே பாத்துட்டீங்களே."

கோகிலவாணி அவனுடைய செய்தியை இன்னும் திறக்கவில்லை. திரையைப் பார்த்தாள். அந்தச் செய்தியின் கீழே 'படிக்கப்பட்டது' என்று இருந்தது.