பசித்த புழுவின் ஞாபகம்

காலை ஏழு மணிக்கு என் கணவர் நாச்சிமுத்து தன்னுடைய ஒன்றரை இட்லியில் முதல் விள்ளலைப் பிய்த்து, வாயில் போடாமல் என்னிடம் நீட்டுவார். நான் அதைத் துளி தண்ணீர் விட்டுக் குழைத்து, சன்னலோரம் இருக்கும் கண்ணாடித் தட்டில் தடவுவேன். அதில் அவருடைய இணைப்புழுக்கள் நூறு இருக்கின்றன. ஒவ்வொன்றும் நகத்துணுக்கைவிடச் சிறியது. மூன்று வாரம்தான் ஆயுள். அவர் என்ன தின்கிறாரோ அதையே, அதே அரைகுறை அளவில், அவையும் தின்ன வேண்டும். நாற்பத்தைந்து வயது தாண்டிய எல்லார் வீட்டிலும் இப்படி ஒரு தட்டு உண்டு. சாமி படத்துக்கு முன்னால் வைத்துப் பூப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் இந்தத் தட்டுகள் எல்லாம் நான் வேலை பார்க்கும் பொள்ளாச்சி நினைவுச் சோதனை நிலையத்துக்கு வந்து சேரும். பசித்த புழுவுக்கு வெண்ணெய் வாசனை காட்டி இரை கொடுத்தால், வெண்ணெய் என்றால் சாப்பாடு என்று அது கற்றுக்கொள்ளும். இரண்டு நாள் கழித்து வாசனையை மட்டும் தட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு வைப்போம். நூற்றில் எத்தனை புழு ஞாபகமாக அந்தப் பக்கம் ஊர்ந்து வருகிறதோ, அதுதான் தட்டின் சொந்தக்காரருடைய நினைவெண். மாதம் ஒருமுறை சொந்தக்காரரும் வந்து, பசித்த வயிற்றோடு இதே போன்ற பரீட்சை எழுதிவிட்டுப் போவார்.

நான் பிறப்பதற்கு முன்னால் மறதிநோய் வீட்டுக்கு வீடு இருந்ததாம். வயிறு முட்டத் தின்ற புழு பத்தாம் நாளே கற்றதை மறந்தது, அரைவயிறு தின்றது சாகும்வரை மறக்கவில்லை. அதைப் பார்த்துக் கொண்டுவந்ததுதான் அரைவயிற்றுச் சட்டம். மணிக்கட்டில் ஒரு உண்பட்டை இருக்கும், அளவு மீறித் தின்றால் மேலிடத்துக்குச் செய்தி போய்விடும். மீறினாலும் சரி, நினைவெண் தொண்ணூறுக்குக் கீழே இறங்கினாலும் சரி, வண்டி ஓட்ட முடியாது, கையெழுத்துப் போட முடியாது, பெற்ற பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. அதை அரசு விடுதிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். எங்களுக்கு இருப்பது ஒரே மகள். வெயினி, எட்டு வயது, காலம் போன பிறகு வந்தவள்.

நாச்சிமுத்துவின் எண் தொண்ணூற்றேழு. தெருவில் வேறு யாருக்கும் அவ்வளவு கிடையாது. எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

"வெயினி பொறந்த அன்னைக்கு ஆஸ்பத்திரி கேண்டீன்ல என்ன சாப்பிட்டோம், சொல்லுங்க பாக்கலாம்" என்று ஒருநாள் வம்புக்கு இழுத்தேன்.

"ரெண்டு பன்னு, ஒரு டம்ளர் பாலு. பன்னுல சக்கர கம்மி. நீ பாதிய வெச்சுட்ட."

"அன்னைக்கு எப்படிக் கொட்டுச்சு மழை. வாசல் வரைக்கும் தண்ணி நின்னுச்சே?"

அவர் யோசித்தார். "மழையா?"

நான் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன். பயப்பட வேண்டிய இடம் அதுதான்.

போன ஆவணியில் ஒரு வியாழக்கிழமை நான் வேலை முடிந்து சீக்கிரம் வந்துவிட்டேன். நாலரை மணிக்கு அவர் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். "வசு, புள்ளைக்குப் பால் காச்சு" என்றார்.

அவர் கையில் இருந்தது வெயினி இல்லை. அவள் வகுப்பில் படிக்கும் ஜெரினா. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஆன்ட்டி, நான் வெயினி இல்லீங்கன்னு சொன்னனுங்க. அங்கிள் கேக்கவே இல்லீங்க."

"ஏனுங்க, இது யாருங்க?" என்றேன்.

"இதென்ன கேள்வி? நம்ம புள்ள."

"வெயினி எங்கீங்க?"

அவருக்குக் கோபம் வரவில்லை. பாடம் புரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல, ஜெரினாவின் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்து என் மூக்குக்குக் கிட்டே நீட்டினார். "எலுமிச்ச சாதம். கடலப்பருப்பு ஒரு பக்கம் கருகிப் போச்சு. காலைல நாந்தான கட்டிக் குடுத்தேன்? அப்புறம் இது யாரு புள்ளைங்கற?"

மதியம் இரண்டு பெண்களும் டிபன் பாக்ஸை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் நடந்தது. பள்ளிக்கூட வாசலில் ஒரு கருவி பட்டையைப் பார்க்கும், தொண்ணூற்றேழு என்றால் கதவைத் திறந்துவிடும். அதற்குமேல் அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை.

ஜெரினாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். அவள் அம்மா வாசலில் தவித்துக்கொண்டிருந்தாள், பிள்ளையை வாரிக்கொண்டு என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போனாள். வெயினி படிக்கட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா என்னயப் பாத்தாரும்மா" என்றாள். "பக்கத்துல வந்து நின்னு பாத்தாரு. டிபன் பாக்ஸ மோந்து பாத்தாரு. அப்புறம் போயிட்டாரு."

அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

மறுநாள் நிலையத்தில், என் இருபது வருட வேலையில் செய்யாத ஒன்றைச் செய்தேன். சாப்பாட்டுக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைப் புழுக்களுக்குக் கற்றுக்கொடுத்தேன். தட்டின் விளிம்பைப் பேனாவால் தட்டினால் புழு துள்ளிப் பின்வாங்கும். பத்து முறை தட்டினால், இதனால் ஆபத்தில்லை என்று தெரிந்து சும்மா கிடக்கும். நிலையத்தில் யாருக்கும் சொந்தமில்லாமல் வயிறாரத் தின்னும் வளர்ப்புத் தட்டில் அந்தப் பாடம் அடுத்த நாளும் இருந்தது. நாச்சிமுத்துவின் தட்டில் எல்லாப் புழுவும் முதல்முறை போலவே துள்ளின. அதே தட்டு வெண்ணெய்ச் சோதனையில் தொண்ணூற்றேழு வாங்கியது.

பசித்த புழுவுக்கு இரை இருக்கும் இடம் சாகும்வரை மறக்காது. வேறு எதுவும் அதற்குத் தேவையில்லை. இத்தனை வருடம் நாங்கள் அதனிடம் வேறு எதையும் கேட்கவுமில்லை.

மேலதிகாரி ஹேமலதா மேடத்தின் அறைக்குப் போய் இரண்டு தட்டையும் வைத்துச் சொன்னேன். மேடத்துக்கு ஐம்பத்தொரு வயது, எண் தொண்ணூற்றாறு. பொறுமையாகக் கேட்டார்.

"எழுதிக் குடுத்தீன்னா மொதல்ல உன் வீட்டுக்காரரோட எண்ணத்தான் ரத்து பண்ணுவாங்க. உனக்கு எப்ப நாப்பத்தஞ்சு?"

"இன்னும் பத்தொம்பது நாள் இருக்குங்க."

"அப்புறம் நீயும் அரைவயிறு, உன்னயும் நம்ப மாட்டாங்க. புள்ள எங்க போகும், யோசிச்சியா?"

நான் தட்டுகளை எடுத்துக்கொண்டேன். கதவருகே போனபோது அவர் கூப்பிட்டார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். "நீ... புளிசாதம் கொண்டு வர்ற புள்ளதான?"

பதினோரு வருடமாக நான் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறேன்.

நான் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. கோழைத்தனம் என்றால் கோழைத்தனம்தான். பிள்ளையை விட்டுக்கொடுக்க என்னால் முடியவில்லை. அந்தப் பத்தொன்பது நாளும் நானே அவளைக் கூட்டிவந்தேன், அவளிடம் ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு வயதுப் பிள்ளையிடம் சொல்லக்கூடிய விஷயமில்லை. ஆனால் அவள்தான் வழி கண்டுபிடித்தாள்.

"புழுவுக்குச் சொல்லிக் குடுக்கற மாதிரி உங்களுக்கும் சொல்லிக் குடுத்தா?"

இன்றோடு எனக்கு அரைவயிறு தொடங்கி அறுபது நாள். தினமும் காலையில், தட்டில் இருக்கும் ஒற்றைத் தோசையை நான் தொடக்கூடாது. வெயினிதான் முதல் விள்ளலை எள்ளுப்பொடியில் தோய்த்து என் வாய்க்கு நேரே பிடிப்பாள். நான் அவள் முகத்தைப் பார்த்து அவள் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் விள்ளல். இரண்டாவதுதான் புழுவுக்கு. அப்பாவிடமும் இதையே முயன்றாள். அவர் எள்ளு, மிளகாய், நல்லெண்ணெய், பெருங்காயம் என்று வரிசையாகச் சொன்னார்.

நேற்று என் நினைவெண் வந்தது. தொண்ணூற்றெட்டு. நிலையத்தில் எல்லாரும் கைதட்டினார்கள்.

இன்று காலை விள்ளல் என் முன்னால் வந்து நின்றது. எண்ணெய் வாசனை முதலில் வந்தது, வாயில் எச்சில் ஊறியது. எள் ஒரு சிட்டிகை அதிகம் வறுபட்டிருந்தது, மிளகாய் போன வாரத்து மிளகாய் இல்லை. விள்ளலுக்குப் பின்னால் இரட்டைப் பின்னலோடு ஒரு சின்ன முகம் இருந்தது. அது உதட்டுக்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தது. நேற்று நான்கு எண்ணுவதற்குள் சொல்லிவிட்டேன். இன்று ஒன்பது ஆயிற்று.

"வெயினி" என்றேன்.

அவள் விள்ளலை ஊட்டிவிட்டு என் வாயைத் துடைத்துவிட்டாள். கண்ணில் நீர் தளும்பினாலும் அழவில்லை. "நாளைக்கு இன்னுங் கொஞ்சம் வெரசாச் சொல்லோணும், சரிங்களாம்மா?"

சரி என்று தலையாட்டினேன். அவள் விரலில் இன்னும் கொஞ்சம் எள்ளுப்பொடி ஒட்டியிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.