அடியில் ஓடும் குரல்

வெளியிலிருந்து பார்த்தால் அதை ஒலிப்பதிவுக்கூடம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சந்தின் கடைசியில் காரை பெயர்ந்த ஒரு பழைய வீடு, வாசலை அடைத்துக்கொண்டு வண்டிகள், கொடியில் யாருடையதோ துண்டு. கதவு மட்டும் அசாத்தியத் தடிமன். அதை இழுத்துச் சாத்தியதும் தெருச் சத்தம் கத்தரித்தாற்போல் நின்றுபோனது. உள்ளே ஏசியின் குளிரும் ஈரம் ஏறிய தரைவிரிப்பின் வாசனையும். அவள் கைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கணவன் இத்தனை வருஷமும் இந்தக் குளிருக்குள் நின்றுதான் பேசிக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவன் டப்பிங் கலைஞன். முகம் யாருக்கும் தெரியாது, குரல் மட்டும் கேட்காமலே எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடும். பல்பொடி விளம்பரத்தில் டாக்டர், கார்ட்டூனில் கரடி, சினிமாவில் வில்லனுக்குப் பக்கத்தில் நிற்கும் அடியாள். மகள் சிட்டு சாப்பிட அடம்பிடித்தால் முதலில் கரடி உறுமும், அப்புறம் அடியாள் மிரட்டுவான், கடைசியில் டாக்டர் வந்து வாயைத் திறக்கச் சொல்வார். அதற்குள் தட்டு காலியாகியிருக்கும்.

ஆனால் சிட்டுவுக்கு உயிர் என்றால் 'பனி ரயில்'தான். மனித வாடையே இல்லாத ஏதோ ஒரு காட்டில், வருஷத்தில் பாதி நாள் பனிக்குள் புதைந்து கிடக்கும் தண்டவாளத்தில், பனியைத் தள்ளிக்கொண்டு போகும் எஞ்சின்களைப் பற்றிய நிகழ்ச்சி அது. அதில் வரும் தாடிக்கார ஓட்டுநருக்கு அவள் கணவன்தான் குரல். "இருட்டறதுக்குள்ள அந்தப் பாலத்தைத் தாண்டணும். இல்லேன்னா பனி நம்மளைத் தின்னுடும்" என்று தாடிக்காரர் சொன்னால் போதும், சிட்டு சோபாவில் எழுந்து குதிப்பாள். "எங்கப்பா!"

போன மழைக்காலத்தில் பதிவு முடிந்து வண்டியில் திரும்பும்போது லாரி ஒன்று அவனைத் தட்டிவிட்டுப் போய்விட்டது. யார் கண்ணிலும் படாமல் வெகுநேரம் மழையிலேயே கிடந்திருக்கிறான். பிணவறையில் அவள் அவன் பாதத்தைத் தொட்டாள். ஐஸாக இருந்தது. எத்தனை தடவை வெந்நீரில் கையை வைத்தாலும் அந்தச் சில்லிப்பு அவள் உள்ளங்கையை விட்டுப் போகவில்லை.

காரியமெல்லாம் முடியும்வரை சிட்டு தாய்மாமன் வீட்டில் இருந்தாள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே "அப்பா எங்கே?" என்றாள். அந்த நேரம் பார்த்து டிவியில் தாடிக்காரர் பேசிக்கொண்டிருந்தார்.

"அதோ பாரு, அப்பா அங்க வேலைக்குப் போயிருக்காரு. பனி விட்டதும் வந்துடுவாரு."

அன்றைய பொழுதை ஓட்டுவதற்குச் சொன்ன பொய். சேனல்காரர்கள் பழைய பாகங்களையே திரும்பத் திரும்பப் போட்டதில் அது வேர்பிடித்துவிட்டது. மகளுக்காகத்தான் என்று அவள் சொல்லிக்கொண்டாள். ஆனால் மாலையில் மூக்குக்கண்ணாடிக் கடை வேலை முடிந்து வந்ததும் வராததுமாக ரிமோட்டைத் தேடியது அவள்தான். அந்தக் குரலைக் கேட்காமல் அவளுக்கும் ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

இப்போது புதுப் பாகங்கள் வரப்போகின்றன. தாடிக்காரருக்கு இனிமேல் கணவனின் நண்பன்தான் குரல். கூடத்தில் எல்லாரும் அவனைத் 'தொண்டை' என்றுதான் கூப்பிடுவார்கள். அவனைப் பார்க்கத்தான் அவள் வந்திருந்தாள்.

"அண்ணா, அவர் மாதிரியே பேசிடுங்க. சின்னப் பொண்ணு, கண்டுபிடிக்க மாட்டா" என்றாள்.

தொண்டை ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு அவளைப் பார்த்தான். "எத்தனை நாளைக்கு தங்கச்சி இப்படி ஓட்டுவே?"

"இதோட சரிண்ணா. அதுக்குள்ள அவ கொஞ்சம் வளர்ந்துடுவா."

அவன் பெருமூச்சு விட்டான். "பேசிடலாம். இதுல ஒரு வசதியும் இருக்கு. அந்தத் தாடிக்காரரோட சொந்தக் குரலை நாங்க முழுசா எடுத்துட மாட்டோம். முதல் வார்த்தை அவர் பாஷையில கேக்கும். அப்புறம் அதைத் தணிச்சுட்டு மேல நம்ம குரல் ஏறும். அடியில அது பாட்டுக்கு முணுமுணுன்னு ஓடிட்டே இருக்கும். அது இல்லேன்னா நிஜ ஆளு பேசறான்னு யாரும் நம்ப மாட்டாங்க."

புதுப் பாகம் தொடங்கிய நாள் அவள் கடையில் அனுமதி கேட்டுச் சீக்கிரமே வந்துவிட்டாள். சிட்டு அப்பாவின் இடத்தை விட்டுவிட்டுச் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எப்போதும் அப்படித்தான். ஜன்னல் பக்கத்து மூலை அவனுடையது.

திரையெல்லாம் வெள்ளை. மரங்கள் பனியின் பாரம் தாங்காமல் குனிந்து நின்றன. வெகுதூரத்தில் ஒற்றை விளக்கு அசைந்து அசைந்து வந்தது. தாடிக்காரர் எஞ்சினின் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பினார். அவர் பாஷையில் ஒரு வார்த்தை. பிறகு தொண்டையின் குரல் ஏறியது. நன்றாகத்தான் செய்திருந்தான். இழுப்பு, சிரிப்பு, மூச்சு வாங்குகிற இடம் எல்லாமே கணவனுடையவை.

"இது தொண்டை மாமா" என்றாள் சிட்டு.

அவ்வளவுதான், பட்ட பாடெல்லாம் தண்ணீரில் போயிற்று. என்ன சொல்லிச் சமாளிக்கலாம் என்று அவள் யோசிப்பதற்குள் சிட்டு எழுந்துபோய் டிவி பெட்டியின் பக்கவாட்டில் காதை ஒட்டிவைத்தாள்.

"அப்பா கீழ இருக்காரும்மா."

"எங்கடி?"

"மாமாவுக்குக் கீழ."

குழந்தைக் கற்பனை என்றுதான் நினைத்தாள். இருந்தாலும் மண்டியிட்டு, குனிந்து, காதை வைத்தாள்.

மேலே தொண்டை பேசிக்கொண்டிருந்தான். அடியில், அந்நிய பாஷை முணுமுணுக்க வேண்டிய இடத்தில், வேறொரு குரல் ஓடிக்கொண்டிருந்தது.

அவளுக்குத் தெரிந்த பாஷை.

அவளுக்குத் தெரிந்த குரல்.

"...ஒண்ணுமே தெரியல. எல்லாம் வெள்ளையா இருக்கு. யாராவது இருக்கீங்களா? குளிருது..."

பெட்டியின் பின்னாலிருந்து ஒரு வாசனை வந்தது. மழையில் நனைந்த சட்டையின் வாசனை, அதற்கும் அடியில் இரும்பு. அவளுடைய உள்ளங்கை சில்லிட்டது. தாடிக்காரர் பேச்சை நிறுத்தினார், தொண்டையும் நிறுத்தினான்.

அடியில் ஓடிய குரல் நிற்கவில்லை.

"...அவ ஏன் என்னை இங்க அனுப்பினா?"

அவள் டிவியை அணைத்துவிட்டுச் சமையலறைக்கு ஓடி, வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு தொண்டைக்குப் போன் போட்டாள். கேட்டதைச் சொன்னாள்.

"முதல் நாள் பதிவுலயே கேட்டேன் தங்கச்சி. அந்தத் தாடிக்காரரோட ட்ராக்கை மட்டும் தனியாப் போட்டுப் பார்த்தோம், சுத்தமா இருக்கு. நான் பேச ஆரம்பிச்சா அவன் குரல் வருது. எனக்குத்தான் மண்டை குழம்பிடுச்சுன்னு நினைச்சுட்டு யார்கிட்டயும் சொல்லல."

"என்ன சொன்னாரு?"

"குளிருதுன்னான்" என்றான் தொண்டை. அவன் குரலும் உடைந்தது. "வீடு எந்தப் பக்கம்னு கேட்டான்."

அதன்பிறகு அவள் டிவியின் ஒயரைப் பிடுங்கிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். இரண்டு நாள் வீடு அமைதியாக இருந்தது. சிட்டு எதுவும் கேட்கவில்லை. குழந்தை மறந்துவிட்டாள் என்று அவள் நம்ப ஆசைப்பட்டாள், நம்பியும் விட்டாள். சிட்டு போய்க் கீழ்வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் பிற்பகல், ஒரு பெரியவருக்குக் கண்ணாடியின் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டு அக்காவின் போன் வந்தது. சிட்டுவைக் காணோம்.

அவள் எப்படி ஓடினாள் என்பது அவளுக்கே தெரியாது. தெருமுனையில் ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டிகள் வரிசையாக நின்றன. கேட் காவலர் ஒரு கையால் கொடியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சிட்டுவின் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். கொளுத்தும் வெயிலில் சிட்டு சிவப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தாள். பள்ளிக்கூடப் பையிலிருந்து அப்பாவின் சாக்ஸும் மப்ளரும் எட்டிப் பார்த்தன. ரயில் தடதடவென்று அவர்களைக் கடந்து போனது.

"உங்க பொண்ணா? தண்டவாளத்துக்குப் பக்கத்துல போய் நின்னு வண்டிக்குக் கை காட்டுதும்மா! நான் பார்க்கலேன்னா இந்நேரம்..."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து மகளைக் கட்டிக்கொண்டாள். "அப்பா கூப்பிட்டாரா? வரச் சொன்னாரா?"

"இல்லம்மா. வராதேன்னுதான் சொன்னாரு. இங்க ரொம்பக் குளிரும், நீ வரக் கூடாதுன்னாரு." சிட்டு மூக்கை உறிஞ்சினாள். "அவருக்கு வழி தெரியலம்மா. நான்தான் போய்க் கூட்டிட்டு வரலாம்னு..."

அன்றே சொல்லிவிடுவது என்று அவள் முடிவெடுத்தாள். ஒரு பொய் குழந்தையைத் தண்டவாளம்வரை கொண்டுவந்துவிட்டது. இனி அதற்குச் சோறு போட்டு வளர்க்க முடியாது.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டாள். ஒயரை எடுத்து மாட்டினாள். அன்று வந்த பாகத்தைத் திரும்பப் போடுகிற நேரம். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. மின்விசிறியை அணைத்த பிறகும் அறை சில்லென்றே இருந்தது.

"சிட்டு, அம்மா ஒண்ணு சொல்லப் போறேன். அப்பா அங்க வேலைக்குப் போகல. அப்பா..." அவள் எச்சிலை விழுங்கினாள். "அப்பா செத்துப் போயிட்டாரு."

சிட்டு அழவில்லை. அம்மாவின் கையைத் தடவிக்கொடுத்தாள்.

"எனக்குத் தெரியும்மா. கீழ்வீட்டு அத்தை போன்ல யார்கிட்டயோ சொன்னாங்க, கேட்டேன்."

"தெரியுமா? அப்புறம் ஏண்டி..."

"அப்பாவுக்குத்தான் தெரியல. அவர் ரயில் ஓட்ட வந்திருக்கோம்னு நினைச்சுட்டு இருக்காரு. நீதானே சொன்னே." சிட்டு திரையைக் காட்டினாள். "நீதான் அவர்கிட்ட சொல்லணும்."

அவளுடைய பயம் எப்போதோ கரைந்து போயிருந்தது. தான் பெற்ற பெண்ணைத் தேற்றுவதற்காகத் தாலி கட்டியவனைத் தூக்கி அந்தப் பனிக்குள் போட்டிருக்கிறோம் என்று அவளுக்கு விளங்கியது. மழையில் அநாதையாகக் கிடந்தவனை, அதைவிடக் குளிரான இடத்துக்கு அவளே அனுப்பியிருக்கிறாள்.

திரையில் தாடிக்காரர் பேசத் தொடங்கினார். மேலே தொண்டை.

அடியில் அவன். முன்பைவிடச் சோர்ந்திருந்தான். பல் கிட்டித்தது.

அவள் பெட்டியோடு முகத்தை ஒட்டிவைத்தாள். கண்ணாடி பனிக்கட்டியாகச் சுட்டது.

"ஏங்க, நான்தாங்க."

அடியில் ஓடிய குரல் நின்றது.

கேட்கிறான்.

"நீங்க அங்க இருக்கீங்கன்னு நான்தான் சொல்லிட்டேன். அது பொய்ங்க. நீங்க எந்த ரயிலையும் ஓட்டல. வண்டியில வந்தீங்க, மழை, லாரி அடிச்சுடுச்சு. நீங்க... இல்லைங்க. செத்துப் போயிட்டீங்க. நான்தான் உங்க காலைத் தொட்டுப் பார்த்தேன்."

பனிக்காற்று ஊளையிடும் சத்தம் மட்டும்.

பிறகு, காதோரத்தில் ரகசியம் சொல்வதுபோல் மெல்ல, "அப்படியா?" என்றது குரல்.

அந்த ஒரு வார்த்தையில் அவள் நொறுங்கிப்போனாள். போங்க, நிம்மதியாப் போங்க என்று சொல்லி அனுப்பத்தான் நினைத்திருந்தாள். ரயில்வே கேட்டில் நின்றபோதே மனதுக்குள் சொல்லிப் பார்த்தும் வைத்திருந்தாள். ஆனால் நாக்கு புரளவில்லை. இந்தக் குளிரில் எங்கே போகச் சொல்வது?

"வீட்டுக்கு வாங்க" என்றாள்.

பெட்டிக்குள் ஏதோ படீரென்று அதிர்ந்தது. திரையில் தாடிக்காரர் பேச்சின் நடுவே தன் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. இறங்கிப் போகிறவரைப் பார்ப்பதுபோல் அவர் கண்கள் நகர்ந்து கதவுவரை போயின. பிறகு மறுபடியும் பாதையைப் பார்த்துக்கொண்டு பேசினார். மேலே தொண்டையின் குரல். அடியில் அவருடைய சொந்தப் பாஷை, தெளிவாக, வேறு எதுவும் கலக்காமல்.

அவள் தரையில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். அந்தக் குரலை இனி எந்தப் பாகத்திலும் கேட்க முடியாது. பிடித்து வைத்திருந்த கடைசிப் பொருளையும் கொடுத்துவிட்டவளாக, கையை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். அழுது முடித்து டிவியை அணைத்தாள்.

குளிர் மட்டும் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே பேசினால் வாயிலிருந்து புகை வந்தது.

சிட்டு படுக்கையறையிலிருந்து தன் கம்பளிப் போர்வையை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"உனக்குக் குளிருதாடா?"

"எனக்கு இல்ல."

சிட்டு சோபாவின் எதிரில் நின்று, போர்வையை இரண்டு கையாலும் உதறி, ஜன்னல் பக்கத்துக் காலி மூலையின் மேல் பதமாக விரித்தாள்.

போர்வை தட்டையாக விழவில்லை.