குணவதியின் கைகள்

"ரெண்டு கையையும் உள்ள விடுங்கம்மா. ஆட்டாதீங்க" என்றார் உதவி அலுவலர் தணிகைவேலு.

குணவதி, கை அசைவை ஒப்பிட்டுப் பார்க்கும் ஒப்புமானியின் இரண்டு துளைகளுக்குள் கைகளை முழங்கைவரை நுழைத்தாள். உள்ளே ஜில்லென்று இருந்தது. வேலை இடமாற்ற நிவாரண அலுவலகத்துக்கு இது அவளுடைய நான்காவது நடை. முதல் மூன்று முறையும் ஏதோ ஒரு காகிதம் குறைந்தது. உலகத்தில் காகிதமே ஒழிந்துபோன காலத்திலும் இங்கே மட்டும் அது குறைந்துகொண்டேதான் இருந்தது.

வெளியே பெஞ்சில் அவள் கணவர் பலராமன் உட்கார்ந்திருந்தார். இரண்டு சிறுநீரகமும் போய்விட்ட மனிதர். வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்தாக வேண்டும். குணவதிக்கு வேலை போன பிறகும் ஆறு மாதம் ஓடிய கம்பெனி காப்பீடு நின்றதும், போன வாரம் ஒரு முறை தவறிவிட்டது. கால் இரண்டும் வீங்கி, பேசினாலே மூச்சு வாங்கியது. அட்டை காட்டாமல் எந்த ஆஸ்பத்திரியிலும் டயாலிசிஸ் மிஷின் ஓடாது. நிவாரண அட்டை கிடைத்தால் இன்றைக்கே படுக்கை உண்டு. கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டரும் சொல்லவில்லை, குணவதியும் கேட்கவில்லை.

ஒரகடத்தில் இருபத்திரண்டு வருடம் அவள் பார்த்தது, காருக்குள் ஓடும் வயர்களைப் பிரித்து, வளைத்து, கட்டாகக் கட்டும் வேலை. வயர் துவளும், ஒன்று வளைந்த மாதிரி இன்னொன்று வளையாது. அதனால் பதிவுறை வரும்வரை எந்த இயந்திரத்துக்கும் அந்த வேலை பிடிபடவில்லை. பதிவுறை என்பது மெல்லிய கையுறை, அவ்வளவுதான். மூன்று மாதம் போட்டுக்கொண்டு வேலை செய்தால் போதும். விரல் எங்கே அழுத்துகிறது, எங்கே தயங்குகிறது, எங்கே முந்துகிறது என்று எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு அதை எத்தனை கையாளிகளுக்குள் வேண்டுமானாலும் ஏற்றிவிடலாம். கையாளிக்குத் தலை கிடையாது, உடம்பு கிடையாது. கூரையிலிருந்து தொங்கும் ஒரு ஜோடி இயந்திரக் கைகள், அவ்வளவே. பதிவுறை போட்டுக்கொண்ட பெண்களுக்குக் கம்பெனி ஆளுக்கொரு பிரஷர் குக்கர் கொடுத்தது. நாலாம் மாதம் கதவைப் பூட்டிவிட்டு, கடல் தாண்டி ஒரு துறைமுக ஊருக்குப் போய்விட்டது.

வெளிநாட்டுக்குப் போன வேலைக்கு அரசாங்கம் நிவாரணம் தரும். இயந்திரத்தால் ஒழிந்த வேலைக்குத் தராது. சட்டம் எழுதிய புண்ணியவான்களுக்கு இரண்டும் வேறு வேறு. கம்பெனியும் சாமர்த்தியமாகப் பதில் அனுப்பியிருந்தது: குணவதியின் வேலை எங்கும் போகவில்லை, இங்கேயே ஒழிந்தது, அங்கே உழைப்பது வெறும் இயந்திரம். ஆகவே அங்கே ஓடும் கைகள் தன்னுடையவைதான் என்று அவள் நிரூபித்தாக வேண்டும்; அப்போதுதான் வேலை வெளிநாடு போனதாகக் கணக்கு.

"நூத்துக்கு அறுபதுதாம்மா பொருந்துது. எண்பதாவது வரணும்" என்றார் தணிகைவேலு. "கை நடுங்குது உங்களுக்கு."

"ஆறு மாசமா வேலை இல்ல சார். நடுங்காம என்ன பண்ணும்?" என்றாள். "கம்பெனி பதிலோட அனுப்புன அந்த ஊர் ஃபேக்டரி வீடியோ இருக்குல்ல? ஷிஃப்ட் ஆரம்பிக்கிற எடத்தப் போடுங்க."

திரையில் வரிசை வரிசையாகக் கையாளிகள் தொங்கின. சங்கு ஊதியது. அத்தனை கைகளும் முதல் வயர்க்கட்டை எடுத்து, முகமே இல்லாத இடத்துக்கு உயர்த்தி, வலப்பக்கம் ஒரு முறை, இடப்பக்கம் ஒரு முறை தொட்டு இறக்கின.

"என்னம்மா இது?"

"மொதக் கட்டக் கண்ணுல ஒத்திக்காம நாங்க வேலைய ஆரம்பிக்க மாட்டோம் சார். லைன்ல எல்லாரும் செய்யுறதுதான். இப்ப அந்த மூணாவது வரிசையப் பாருங்க."

மூன்றாவது வரிசைக் கைகள் மட்டும் அதோடு நிற்கவில்லை. நெஞ்சு இருக்கவேண்டிய உயரத்தில், காற்றில் எதையோ இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி, மறுபடியும் இல்லாத கண்களில் ஒற்றின. அந்த அசைவை வெட்டினால் அடுத்தடுத்த அசைவுகள் பிசகியதால் கம்பெனி அதை அப்படியே விட்டுவைத்திருந்தது.

"அது தாலி சார்" என்றாள் குணவதி. "இவருக்குக் கிட்னி போனப்பொறம் நான் மட்டும் தாலியையும் எடுத்து ஒத்திக்குவேன். வேற யாரும் அப்படிச் செய்ய மாட்டாங்க. என் கைதான் சார் அது."

அதையே ஒப்புமானிக்குள் செய்துகாட்டச் சொன்னார் தணிகைவேலு. கை நடுங்கவில்லை. தொண்ணூற்றெட்டு வந்தது. அவர் நல்ல மனிதர். அவளைவிட அவருக்குத்தான் சந்தோஷம். அவசர அவசரமாகத் தட்டி, கோப்பைத் தீர்ப்பிக்கு அனுப்பினார். மனுக்களை முடிவு செய்வது இப்போது அந்த இயந்திரம்தான். பதில் உடனே வந்தது. படிக்கப் படிக்க அவர் முகம் சுருங்கியது.

"என்ன சார் போட்டிருக்கு?"

அவர் மெதுவாக வாசித்தார். "கைகள் மனுதாரருடையவையே. கைகள் பணியில் உள்ளன. எனவே மனுதாரர் பணியில் உள்ளார். மனு தள்ளுபடி."

"நான் இங்கதான நிக்கிறேன்?"

"தெரியுதும்மா. ஆனா முந்நூறு ஜோடிக் கையோட மூணு ஷிஃப்ட்டும் வேலை பாக்குறீங்கன்னு போட்டிருக்கு."

குணவதி பிடிமானம் தேடித் தவித்தாள். "அப்ப வேலை செய்யுறவளுக்கு இன்சூரன்ஸ் உண்டுல்ல?"

"உண்டு. வேலை பாக்குற அந்த வெளிநாட்டு ஊர் ஆஸ்பத்திரியில மட்டும்தான் செல்லும்."

"வேலைய விட்டுடறேன் சார். இப்பவே எழுதித் தர்றேன்."

அவர் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "தானா வேலைய விட்டவங்களுக்கு நிவாரணம் கெடையாதும்மா."

"என் கை இல்லன்னு மாத்தி எழுதுங்க. பொய் சொன்னேன்னு எழுதுங்க சார், பரவால்ல."

"நீங்களே நிரூபிச்சிட்டீங்களே" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவளுக்கு அந்தத் திரையை உடைத்து, அந்த அறுநூறு கைகளையும் முறித்துப் போட வேண்டும் போலிருந்தது. அடுத்த நம்பரை அழைத்தார்கள். அவள் புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பலராமன் நிமிர்ந்து பார்த்தார். "அட்டை குடுத்துட்டாங்களா?"

சொல்ல வேறு வார்த்தை வரவில்லை. "எனக்கு வேலை இருக்குதாங்க."

அந்த மனிதர் முகம் மலர்ந்து எத்தனை மாதமாயிற்று!

"அத மொதல்லயே சொல்லக்கூடாதா குணா? அட்டைய விட வேலை பெருசில்லையா? எப்ப வந்து சேரச் சொன்னாங்க?"

"சேந்தாச்சுங்க" என்றாள்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகவே எழுந்துவிட்டார். "அப்ப கம்பெனி இன்சூரன்ஸ் இன்னைலேர்ந்தே உண்டு, இல்ல?" என்று கேட்டபடி, அவளுக்குக் காத்திராமல் ஆட்டோ பிடிக்க வாசலை நோக்கி நடந்தார்.