உரிமையாளர் இருளப்பன்

ஊற்றுவாசலில் நட்டிருந்த பல்மானியின் தட்டை நித்திலா கடித்தாள். எந்த நீரைக் குடித்துப் பல் வளர்ந்ததோ, அதன் தடயம் பல்லுக்குள் கிடக்கும். கருவி அதைப் படித்துவிடும். பல்லில் இருப்பதே உரிமை என்று வழக்காடி, நீலத்தாரை நிறுவனத்திடமிருந்து ஊற்றைப் போன வாரம்தான் ஊர் மீட்டிருந்தது.

"நீலத்தாரை நீர். இவ்வூற்றில் உரிமை இல்லை" என்றது கருவி.

"நல்லா அழுத்திக் கடி, தாயி." அம்மா அன்னக்கொடி அவள் தலையைத் தட்டோடு சேர்த்துப் பிடித்தாள்.

"கடிச்சிட்டேம்மா. வலிக்குது."

ஊருக்காக வழக்கை நடத்திய அவள் கொழுந்தன் சேது முன்னால் வந்தான். "கேஸ் முடியிற வரைக்கும் இத்தன வருஷமா ஊத்தப் பூட்டி வச்சிருந்தாங்கள்ல மதினி. பிள்ளைக பூராம் கம்பெனிக்காரன் லாரித் தண்ணியிலதான வளந்துச்சு."

"வக்கீலய்யாவுக்கு இப்பத்தான் உறைக்குதோ?" என்றாள் அன்னக்கொடி.

"எம்பல்லும் ஆகாது. நான் சின்னதுலருந்து படிச்சு வளந்தது டவுன்ல" என்றான் சேது.

அன்னக்கொடியோ வேற்றூரில் பிறந்து வளர்ந்தவள். மகளுக்குத் தண்ணீர் கிடைக்கும் என்றுதான் புருஷனின் குழியைத் தோண்டச் சம்மதித்தாள். இந்த ஊரில் கோயில் வரிக்குச் செத்தவர்களையும் சேர்த்தே தலை எண்ணுவார்கள். அதையே சேது நீதிமன்றத்தில் வாதமாக்கினான்: செத்தாலும் உரிமை சாகாது. தாடையெலும்புகளைச் சான்றாக அடுக்கினார்கள், ஊர் வென்றது. மறுபடி புதைக்கச் சொல்லி இன்று காலைதான் எலும்புகளைத் திருப்பித் தந்திருந்தார்கள்.

"அண்ணன் பொட்டலம் மடியிலதான இருக்கு?" அவளைப் பாராமல் கேட்டான் சேது.

"வாய மூடு."

ஆனால் குடம் காலியாக இருந்தது. அன்னக்கொடி மஞ்சள் துணியை அவிழ்த்து, தாடையைத் தட்டில் வைத்தாள். பல்லில் வெற்றிலைக் கறை இன்னும் போகவில்லை.

"வருக, உரிமையாளர் இருளப்பன்."

தண்ணீர் கொட்டியது. நித்திலா ஆசையாய்க் கையை நீட்டினாள். சட்டென்று நின்றுவிட்டது.

"பிறர் அருந்த உரிமையாளரின் வாய்மொழிச் சம்மதம் தேவை. காத்திருக்கிறோம்."

பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராய்த் தங்கள் பொட்டலங்களை அவிழ்க்கத் தொடங்கினார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"அப்பாகிட்டக் கேளும்மா" என்றாள் நித்திலா. "தருவாரு."

அன்னக்கொடி தாடையின் பக்கம் குனிந்து, கேட்டாள்.