பச்சத்தண்ணி

பாய்லர்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கையை நீட்டிவிட்டால், வீட்டில் குழாய்கூடச் சொட்டக் கூடாது. மகள் அவருடைய மேல்கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்துவாள். மிஷின் உறுமும், பட்டை உப்பும், அவர் கண்ணை மூடிக்கொள்வார். சமையலறையில் அவர் மனைவி கரண்டியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்பாள். கீழே வைத்தால் சத்தம் வரும். சத்தம் வந்தால் அவருக்குப் பிரஷர் ஏறும். ஏறினால் அது அவள் தலையில்தான் விடியும்.

அன்று காலை நூற்று எழுபத்தெட்டு காட்டியது.

பாய்லர்காரர் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருடைய அக்கா பேசினாள். கணவன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்தவள். தம்பிக்கு ஒன்று என்றால் முதல் குரல் அவளுடையதுதான்.

"நேத்து என்ன சொன்னே அவன்கிட்ட?"

"ஒண்ணும் சொல்லலையே அண்ணி... மாத்திரை போட்டீங்களானு கேட்டேன்."

"அதைத்தான் சொல்றேன். நோயை ஞாபகப்படுத்திக்கிட்டே இருந்தா ஏறாம இறங்குமா?"

அவள் உப்பில்லாமல் சமைத்ததை அவருக்கு எடுத்து வைத்துவிட்டு, பின்னந்தலையில் வழக்கமாக வரும் வலி வந்துவிட்டதா என்று கவனித்தாள். வந்திருந்தது.

அந்த வீட்டில் அந்த நோய்க்குப் பெயர் கொதிப்பு. முதன்முதலில் எந்த டாக்டர் ரத்தக் கொதிப்பு என்று சொன்னாரோ, அவர் மறந்திருப்பார். வீடு மறக்கவில்லை. கோபம் வந்தால் ரத்தம் கொதிக்கிறது, கொதித்தால் மாத்திரை போட வேண்டும். அவ்வளவுதான் அவர்களுக்குப் புரிந்த வைத்தியம். பாய்லர் ஓட்டும் ஆலையில் சண்டை போட்டுவிட்டு வந்தால் பாய்லர்காரர் ஒரு மாத்திரை போடுவார். பெரிய சண்டை என்றால் இரண்டு. சும்மா இருக்கும் நாளில், "நான் இப்ப யார்மேல கோபமா இருக்கேன், மாத்திரை போட?" என்று கேட்பார். வீட்டுக்காரர் வாடகை ஏற்றியதும், மகளைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் வேண்டாம் என்று சொல்லியனுப்பியதும் அவர் காதுக்குப் போகவில்லை. எல்லாம் அவளிடம் வந்து, அவளோடு நின்றன.

அவளுக்கு அந்த வீட்டில் பெயர் பச்சத்தண்ணி. கல்யாணமான புதிதில், செய்யாத தப்புக்கு நாலு பேர் முன்னால் அண்ணி திட்டியபோது அவள் வாயைத் திறக்கவில்லை. "எவ்வளவு எரிச்சாலும் சூடாகாத பச்சத்தண்ணிடா உன் பொண்டாட்டி" என்று அண்ணி அன்றைக்கு வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள். வேறு எந்தப் பாராட்டும் வராத வீட்டில் வந்ததை வைத்துக்கொள்ள வேண்டியதுதானே.

தையல் கடையிலிருந்து சட்டைகளை வாங்கிவந்து பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. சில வருடங்களுக்கு முன், ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்று கண்ணாடி மாற்றப் போன இடத்தில் ஒரு நர்ஸ் அவள் கையில் பட்டை கட்டிப் பார்த்துவிட்டு, உங்களுக்கு பிரஷர் ரொம்ப இருக்கிறது, உடனே டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லியிருந்தாள். வீட்டில் வந்து சொன்னதும் அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். பச்சத்தண்ணி எப்போதம்மா கொதித்தது என்றாள். அவர் கேட்டார், "எனக்கு வந்தா உனக்கும் வரணுமா? போட்டியா?" அவளும் சிரித்துவிட்டாள். அவருடைய நாற்காலியில் தெரியாமல் உட்கார்ந்துவிட்டவள்போல ஒரு கூச்சம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவேயில்லை. கால் வீங்கிச் செருப்பு கடித்தபோது அவருடைய பழைய செருப்பை மாட்டிக்கொண்டாள். நூலைக் கோர்க்க மகளைக் கூப்பிட்டுக்கொண்டாள்.

பாய்லர்காரருக்கு நூற்று எழுபத்தெட்டை ஏற்க மனமில்லை. நேற்று முழுக்க யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை, பிறகு எப்படி ஏறும்? மிஷின்தான் கெட்டிருக்கும் என்றார். மகளுக்கு ஒரு யோசனை வந்தது.

"அம்மா கையில கட்டிப் பார்க்கலாம்ப்பா. அம்மாவுக்கு எப்படியும் சரியாத்தானே இருக்கும்? தப்பா காட்டினா மிஷின் கெட்டுப்போச்சுனு அர்த்தம்."

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் வந்தாள். பட்டை உப்பியது. இறுக்கம் போதாமல் மறுபடி உப்பியது. மிஷினில் இருநூற்றுப் பதினான்கு என்று எண் வந்தது.

பாய்லர்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். அடுப்பே எரியாத பாய்லரில் மீட்டர் ஏறினால் கோளாறு மீட்டரில்தான், இத்தனை வருடம் பாய்லரோடு குடித்தனம் நடத்தியவனுக்கு இது தெரியாதா என்றார். அண்ணியும் சிரித்தாள். அவளும்தான். வெகுநாள் கழித்து எல்லோரும் சேர்ந்து சிரித்த காலை அது. அவருக்கு ஒன்றுமில்லை, பழி மிஷினுக்குப் போனது. அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

மிஷினை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனவர் முகம் சுருங்கித் திரும்பி வந்தார். கடைக்காரர் தன் கையில் கட்டிப் பார்த்தாராம், சரியாக இருக்கிறதாம். அங்கே நின்றவர் ஒருவரும் கை நீட்டினாராம், அதுவும் சரியாம். மாற்றித் தர முடியாது என்று சொல்லிவிட்டார், ஏமாற்றுப் பேர்வழி என்று பாய்லர்காரர் கத்திக்கொண்டிருந்தார். மகள் மட்டும் கத்தலைக் கேட்கவில்லை. அம்மாவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா... செருப்பைப் போடு. கிளம்பு."

டாக்டரம்மா அதிகம் பேசாதவர். ரத்தம் எடுத்தார், ஸ்கேன் எடுத்தார், எத்தனை வருடமாகத் தலைவலி என்று கேட்டார். மறுநாள் பாய்லர்காரரையும் வரவழைத்து, மூவரையும் உட்கார வைத்துச் சொன்னார். சிறுநீரகம் இரண்டும் சுருங்கிப்போய்விட்டன. இது ஒரு நாளில் வந்ததல்ல. பல வருடமாக ரத்த அழுத்தம் ஏறியே இருந்து, சத்தமில்லாமல் செய்த வேலை. இனி அவை திரும்பாது. வாரத்துக்கு மூன்று முறை மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். மாத்திரை இனி மிச்சமிருக்கும் இதயத்தையும் மூளையையும் காப்பதற்குத்தான்.

"இவளுக்குக் கோபமே வராதுங்க டாக்டர்," என்றார் பாய்லர்காரர். கெஞ்சுவது போலிருந்தது குரல்.

"கோபத்துக்கும் இதுக்கும் என்னங்க இருக்கு? கோபப்பட்டா கொஞ்ச நேரம் ஏறும், அப்புறம் இறங்கிடும். இது தூங்கும்போதும் ஏறியே இருக்கும். சாதுவா இருக்கிறவங்களுக்கும் வரும். வலிக்காது, தெரியாது. தினமும் மாத்திரை, உப்பைக் குறைக்கிறது, அப்பப்ப அளந்து பார்க்கிறது... அன்னைக்கே ஆரம்பிச்சிருந்தா இங்க வந்திருக்க மாட்டாங்க." பிறகு அவரைப் பார்த்து, "நீங்களாவது தினமும் போடறீங்களா?" என்று கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மகள் தன் சிறுநீரகத்தைத் தருகிறேன் என்றாள். டாக்டரம்மா முதலில் அவள் கையில்தான் பட்டையைக் கட்டினார். இரண்டு முறை பார்த்தார். அடுத்த வாரமும் வரச் சொல்லிப் பார்த்தார். உன்னுடையதை எடுக்க முடியாது; நீயே இன்றைக்கு மாத்திரை ஆரம்பிக்க வேண்டியவள் என்றார். அதுவரை கல்லாக இருந்த அம்மா அப்போதுதான் உடைந்தாள். தனக்குள்ளே அடங்கிவிட்டது என்று அவள் நினைத்திருந்தது எதுவும் அடங்கவில்லை... பெண்ணிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

வீட்டில் அண்ணி அழுதாள். அழுது முடித்ததும் அவள் மனம் வேறு வழியில் போனது. கொதிப்பு என்றால் கோபம் என்றே பழகியவளுக்கு, டாக்டர் சொன்னது காதில் ஏறவில்லை.

"அப்ப இத்தனை வருஷமா உள்ளுக்குள்ள எங்கமேல கொதிச்சுக்கிட்டேதான் இருந்தியா நீ? சிரிச்சுக்கிட்டே சோறு போட்டியே... எங்களை நல்லா ஏமாத்திட்டியேம்மா."

மகள் அத்தையின் மேல் பாய்ந்தாள். அவள் மகளின் கையைப் பிடித்து நிறுத்தி, "அத்தையை எதிர்த்துப் பேசாதே" என்றாள். ஆனால் அந்தக் கேள்வி அவளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அப்படி ஒன்றை அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை, அவளும் கேட்டுக்கொண்டதில்லை. காஜா எடுக்கும்போது கேட்டுப் பார்த்தாள். ஒரு பழைய பெட்டியைத் திறப்பதுபோல மெல்லத்தான் திறந்தாள். இருந்தது. சூடில்லாமல், சத்தமில்லாமல், மடிப்புக் கலையாமல், வருடவாரியாக இருந்தது. அதைப் பார்த்து அவளுக்குப் பயம் வரவில்லை. இது என்னுடையது என்று மட்டும் தோன்றியது.

ரத்தச் சுத்திகரிப்பு வார்டில் ஆறு கட்டில்கள். கையில் இரண்டு ஊசிகள், சிவப்பாக ஓடும் குழாய்கள். பாய்லர்காரர் ஆலையில் லீவு சொல்லிவிட்டு ஒவ்வொரு முறையும் கூடவே வந்தார். மிஷினில் இருக்கும் மீட்டர்களை முதலில் கொஞ்ச நாள் உற்றுப் பார்த்தார். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஆசிரியை போன வாரத்திலிருந்து வரவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அன்றைக்குப் பாதி நேரம் போன பிறகு அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தார்.

"அக்கா கேட்டாளே... அது உண்மையா? என் மேல கோபமா இருந்தியா?"

இல்லை என்று சொல்ல அவள் வாய் தானாகவே திறந்தது. எத்தனையோ வருடப் பழக்கம். மூடிக்கொண்டு, கொஞ்சம் பொறுத்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆமாங்க. இருந்தேன். ஆனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. கோபம் என்னோடது. நோய் வேற."

அவர் கத்துவார் என்று அவள் நினைத்தாள். அவர் கத்தவில்லை. ஊசி குத்தாத அவளுடைய மற்ற கையை எடுத்துத் தன் கண்ணோடு சேர்த்து வைத்துக்கொண்டார். "மீட்டர் சரியா காட்டுச்சு... நான்தானே சிரிச்சேன்" என்றார். பெரிய உடம்பு குலுங்கியது. நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அழாதீங்க, உங்களுக்கு ஏறிடும்... என்ற வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது. அவள் சொல்லவில்லை. அவர் அழட்டும் என்று விட்டுவிட்டு, தன் கை நனைவதைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.