நெற்றித்தோல்

தேத்தண்ணிக்கு வைத்த கேத்தல் முனகத் தொடங்கிய நேரத்தில், யாரோ விஜயலெட்சுமியின் நெற்றியில் பொட்டு வைத்தார்கள். கட்டைவிரலால், மெத்தென்று. திடுக்கிட்டுத் திரும்பினாள். தேயிலைத் தோட்ட லயத்தின் அந்த ஒற்றை அறைக் காம்பராவில் அவளைத் தவிர விறகுப் புகையும், கொடியில் காயாத சீலையும், மங்கிப்போன பல்பும்தான் இருந்தன. கதவு உள்பக்கம் தாழிட்டபடியே இருந்தது.

பொட்டு வைக்க அவளுக்கு நெற்றியே மிச்சமில்லை. குடிவெறியில், வீண் சந்தேகத்தில், புருஷன் ஜீவன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் அவள் மூக்கை அறுத்தான். ஓடும்போது பனிமூட்டத்தில் பள்ளம் தெரியாமல் விழுந்து செத்தும் போனான். பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் சதீசன் அவளுடைய நெற்றித் தோலைப் பட்டையாக வெட்டி, ஒரு முனை புருவத்தோடு ஒட்டியிருக்க, மறுமுனையைக் கீழே திருப்பி மூக்காகத் தைத்துவிட்டார். அது உயிர் பிடித்துக்கொண்டால் அடுத்த மாதம் நடுவில் தொங்கும் பட்டையை எடுத்துவிடுவார்கள். அவளுக்கு மறுபடி ஒரு முகம் இருக்கும். அந்த ஒரு நம்பிக்கையில்தான் அவள் நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

நமுனுகுல மலையிலிருந்து இறங்கிய பனி தகரக் கூரையில் சொட்டுச் சொட்டாகத் திரண்டு, வாசலோரக் கான் வாய்க்காலில் விழுந்து, யாரோ வெறுங்காலோடு நடப்பதுபோல ஓசை எழுப்பிக்கொண்டிருந்தது. பக்கத்துக் காம்பரா பெரியாயி அக்கா தினமும் சோற்றுத் தட்டை வாசலில் வைத்து, முகத்தைப் பார்க்காமலே போய்விடுவாள். இன்றைக்கு அவளும் மொனராகலையிலுள்ள மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். பிள்ளைகள் இந்தப் பக்கம் விளையாட வருவதே இல்லை. பேச ஒரு ஆள் இல்லாத வேதனை, அறுத்த வலியைவிடப் பெரிதாக இருந்தது.

மறுபடியும் விரல். இந்தத் தடவை அழுத்தமாக.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் ஜீவன்தான் அவளுக்குப் பொட்டு வைப்பான். ஆசையில் இல்லை. வலிக்கும்வரை அழுத்துவான். "நீ என்னோடவ, மறந்துறாத," என்பான்.

அவசரமாக உள்ளங்கையால் நெற்றியை மூடினாள். கட்டுத்துணி சொரசொரத்தது. அங்கே எந்த விரலும் இல்லை. ஆனாலும் அழுத்தம் நிற்கவில்லை.

அப்போதுதான் கட்டு மாற்றிய நாள் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு டாக்டர் அவள் மூக்கு நுனியைத் தொட்டுப் பார்த்தார். அவள் கையோ நெற்றிக்குப் போனது. நர்ஸ் சிரித்துவிட்டாள்.

"நெத்தித் தோல்தானே, அம்மா. மூக்கைத் தொட்டாலும் உங்களுக்கு நெத்தியிலதான் தெரியும்," என்றார் டாக்டர். "அமத்தினா வெளுக்கும். விட்ட உடன சிவக்கோணும். சிவக்காட்டி உடன வாங்கோ. இல்லாட்டி மூக்கு செத்துப்போகும்."

அப்படியென்றால் தொடப்படுவது நெற்றி இல்லை.

சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்த கண்ணாடியை எடுத்து, பல்புக்கு நேராகப் பிடித்தாள். பின்னால் யாரும் இல்லை. பக்கத்திலும் இல்லை.

மூக்கு நுனி குழிந்திருந்தது.

குழியைச் சுற்றி வெள்ளை. ஒரு கட்டைவிரல் அகலம்.

"விட்டுருங்க," என்றாள். "நான் எந்தத் தப்பும் செய்யல."

குழி ஆழமானது. மூக்கின் மறுபக்கமும் அமுங்கியது. இரண்டு விரல்கள். மூச்சு அடைத்தது. வாயைத் திறந்து காற்றை இழுத்தாள். புகை. மூக்கின் முன்னால் கையை வீசினாள். வெறும் காற்று. தட்டிவிட எதுவும் இல்லை.

வெள்ளை பரவியது. பட்டை வழியே மேலே. புருவம்வரை.

பிறகு, சட்டென்று, நெற்றியில் இருந்த அழுத்தம் போய்விட்டது.

அவள் காத்திருந்தாள். சிவக்கும் என்று பார்த்தாள். சிவக்கவில்லை. நெற்றியில் ஒரு உணர்ச்சியும் இல்லை.

கண்ணாடியில் மட்டும் அந்தக் குழி இன்னும் ஆழமாகிக்கொண்டே போனது.